வெள்ளேரியில் நின்ற மூன்று நிழல்கள்

எழிலரசியின் நிழல் அவளோடு வீடு திரும்பவில்லை என்பதை முதலில் கண்டவன் அவள் புருஷன் நாதமுனிதான், அதுவும் யாரோ ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வெள்ளேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஒரு புங்கமரத்தின் கீழே அவனுடைய இஸ்திரி வண்டி நின்றது. சாயங்கால வெயில் மரத்தைத் தாண்டிச் சாய்ந்து வந்து துணியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் எழிலரசி கம்பெனி விட்டு வந்து வண்டிக்கு முன்னால் நிற்பாள், அவள் நிழல் சட்டையின் மேல் படரும், அவன் நிமிர்ந்து பார்க்காமலே "வந்துட்டியா" என்பான், கல்யாணமான நாளிலிருந்து அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் அவள் வந்து நின்றாள். வெயில், அங்கே யாருமே இல்லாததுபோல, நேராகக் காலரில் வந்து விழுந்தது. அவனும் யாரும் வரவில்லை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"யோவ், எம்மா நேரமா நிக்கிறேன், கண்ணு தெரியலையா?" என்றாள் எழிலரசி.

நாதமுனி நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவள் காலடியைப் பார்த்தான், தன் காலடியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"உன் நிழல எங்கம்மே விட்டுட்டு வந்த?"

எழிலரசி குனிந்து பார்த்தாள். செருப்பு இருந்தது, செருப்பின் நிழலும் இல்லை. "மத்தியானம் வரைக்கும் கூடத்தான் இருந்துது" என்றாள்.

அவள் வேலை பார்த்தது சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் குளியலறைக் குழாய்க்கும் பளபளவென்று முலாம் பூசுகிற ஒரு கம்பெனியில். தொட்டிகளின் அடியில் தங்கும் மஞ்சள் சேற்றை வாரி மூட்டை கட்டுவது அவளுக்குக் கொடுத்த வேலை. அந்தச் சேற்றைக் காயவைத்து, பூட்டிய லாரியில், அதற்கென்றே ஒதுக்கிய தூரத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்று தொட்டிக்கு மேலே பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். பலகை வந்தது, லாரி வரவில்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து, உச்சி வெயிலில், ஜெயசீலன் ஓட்டும் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றி, மேலே வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் எழிலரசியும் அவளோடு மூட்டை கட்டும் கௌஸ் பாஷாவும் உட்கார்ந்து, வறண்டு கிடந்த வெள்ளேரிக்குள் இறங்கி, குழியில் கொட்டி மூடிவிட்டு வருவார்கள். ராத்திரியில் போனால் நாய் குரைக்கும், ஜனம் எழுந்து பார்க்கும், உச்சியில்தான் ஊர் காலியாக இருக்கும் என்று சூப்பர்வைசர் மணவாளன் சொல்லியிருந்தார். "வெறும் கழுவுன மண்ணு, நிலத்துக்கு உரம்" என்றும் சொல்லியிருந்தார். உரத்தை எதற்கு வைக்கோல் போட்டு மறைக்க வேண்டும் என்று மூவரும் கேட்கவில்லை. கௌஸ் பாஷாவின் விரலிடுக்கில் தோல் உரிந்தபோதும் கேட்கவில்லை, எழிலரசிக்கு மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தபோதும் கேட்கவில்லை. அன்றைக்கும் குழியை மூடிவிட்டு டிராக்டரில் ஏறினார்கள். உச்சிப் பொழுதில் நிழல் காலுக்குக் கீழே சின்னதாக ஒடுங்கிக் கிடக்கும் அல்லவா, அதனால் அது ஏறாமல் நின்றுவிட்டதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.

வெள்ளேரிப்பட்டு இதைப் பெரிய விஷயமாக்கவில்லை. தெருப் பிள்ளைகள் எழிலரசியை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு, மிதித்து விளையாட அவளிடம் ஒன்றும் இல்லை என்று சலித்துப் போய்விட்டன. மாரியம்மன் கோயில் பூசாரி நன்றாக யோசித்து, நிழல் இல்லாதவர்கள் தாராளமாகக் கோயிலைச் சுற்றலாம், கற்பூரத் தட்டுக்கு நேர் எதிரே மட்டும் நிற்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெயசீலனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் உருகி ஜெபித்தார். கௌஸ் பாஷாவின் அம்மா தர்காவிலிருந்து தாயத்து மந்திரித்து வாங்கிவந்து, கையில் கட்டினால் நிழலுக்கு எட்டாது என்று கணுக்காலில் கட்டிவிட்டாள். டெய்லர் கடைக்காரரோ, வாசலில் நின்று பேசினாலும் வெளிச்சத்தை மறைக்காத ஒரே பொம்பளை இவள்தான் என்று எழிலரசிக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். கல்யாண வீட்டு போட்டோக்காரர் மட்டும், வெட்டி ஒட்டினமாதிரி இருக்கிறது என்று மூவரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

பக்கத்து வீட்டுக் குணவதி, எழிலரசியோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்து பேக்கிங்கில் இருந்தவள், தன்னுடைய பூப்போட்ட குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடை நிழலாச்சும் கூட வரட்டும்டி, வெறுங்காலோட போறமாதிரி கீது பாக்க" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு எழிலரசி நடந்தால் குடையின் வட்ட நிழல் மட்டும் தெருவில் தனியாக நகர்ந்து போகும், "எழிலு வேலைக்குப் போவுது பாரு" என்று கடைக்காரர்கள் அந்த வட்டத்தைப் பார்த்தே சொல்லப் பழகிக்கொண்டார்கள். நாதமுனி அவளோடு போகும்போது எப்போதும் வெயில் பக்கமாக நடந்தான். தன் நிழல் அவள் மேல் விழும்படி தோளைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். "இன்னாத்துக்கு இப்படி ரவுடியாட்டம் நடக்கிற?" என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டு பேருக்குப் பத்தணுமில்ல" என்றான்.

அப்படியே ஊர் அதை மறந்திருக்கும். ஆனால் ஒருநாள் ஆடு மேய்க்கிற சாலம்மா ஒரு சொம்பு ஆட்டுப்பாலோடு எழிலரசி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா எழிலு, உன் நிழலு வெள்ளேரியில கீதும்மா. நீ தேடினு இருப்பியேன்னு சொல்ல வந்தேன்."

வெள்ளேரியில், புதிதாக மண் மூடிய ஒரு குழியைச் சுற்றி, மூன்று நிழல்கள் நிற்கின்றன என்று அவள் சொன்னாள். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் அவை நகருவதில்லை, உச்சியிலும் முழு ஆள் நீளத்துக்கு விழுந்து கிடக்கின்றன. ஒன்று புடவையைத் தூக்கிச் செருகி, தோளில் மண்வெட்டியோடு நிற்கிறது. ஏரிக்குள் நல்ல மரமே கிடையாது, வெறும் சீமைக்கருவேல முள்தான், அதனால் ஆடுகள் அந்த நிழல்களில்தான் படுத்து அசைபோடுகின்றன.

"குளுகுளுன்னு கீது உன் நிழலு. அந்த டிரைவரு நிழல்ல ஒரு ஆடும் அண்டமாட்டேங்குது, பீடி நாத்தம் போல. உன்னுதுக்குத்தான் அடிச்சிக்கினு கெடக்குதுங்க. சும்மா படுத்துனு கீதுங்களே, ஒரு சொம்பு பாலாச்சும் குடுக்கலாம்னு எடுத்தாந்தேன்."

எழிலரசி பாலை வாங்கிக்கொண்டாள். சொம்பு கையில் வெதுவெதுப்பாக இருந்தது. "அங்க தண்ணி எதனா குடிக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு ஒரு மழை பேஞ்சுதே, அது குட்டையா நிக்குது. கொஞ்சம் மஞ்சளா கீது, ஆனா குடிக்குதுங்க."

"அந்தத் தண்ணி வேணாம்க்கா."

"ஏம்மா?"

எழிலரசிக்கு வாய் வரை வந்தது. வாசலுக்கு எதிரே குணவதி கம்பெனிச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வீட்டுக் கொடியிலும் அதே நீலச் சட்டை, அதற்கடுத்ததிலும். தெருவில் பாதி அடுப்பு அந்தக் கம்பெனியை நம்பித்தான் எரிந்தது. "சும்மாதான்க்கா" என்றாள்.

அந்த வாரமே சாலம்மா மறுபடி வந்தாள், இந்தமுறை கையில் ஒன்றுமில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு, அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மந்தையை விட்டு ஓடிவருகிற ஆடு, வாயில் நுரை தள்ளிச் செத்துப் போயிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவள் போல எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன் நிழல்லதாம்மா வந்து படுத்துது. கடைசி வரைக்கும் எழுந்து வேற எங்கயும் போவல. வெயில்ல கெடந்து சாவல, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

அவள் போன பிறகு எழிலரசி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நேராகப் புங்கமரத்தடிக்குப் போய், துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, பொங்கலுக்குப் பிறகு நடந்ததையெல்லாம் நாதமுனியிடம் சொன்னாள். அவன் துணியில் தண்ணீர் தெளித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். தெளித்துக்கொண்டே இருந்ததில் அந்தப் பேண்ட் முழுக்க நனைந்துவிட்டது.

"நீ வேணாம்னா நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"நான் ஏன் வேணாங்கிறேன்? துணி தேய்க்கிறவன்கிட்ட வந்து கேட்டா, சுருக்கத்த எடுன்னுதான் சொல்லுவான்." அவன் பேண்ட்டைப் பிழிந்தான். "ஆனா எனக்காகவும் சொல்லாத, ஆட்டுக்காகவும் சொல்லாத. ஒனக்குத் தாங்கலன்னா சொல்லு."

"தாங்கல" என்றாள் எழிலரசி.

மறுநாள் வேலைக்குப் போகாமல் எழிலரசி, ஜெயசீலன், கௌஸ் பாஷா மூவரும் வெள்ளேரிக்குப் போனார்கள். சாலம்மா சொன்னபடியே நிழல்கள் நின்றன. ஜெயசீலன், ஊரில் எல்லோருக்கும் அண்ணன், யாருக்கும் பயப்படாதவர், தன் நிழலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். கௌஸ் பாஷா கோபித்துக்கொண்ட தம்பியைக் கூப்பிடுவதுபோலத் தன் நிழலைக் கொஞ்சிக் கூப்பிட்டான், அதன் பாதத்தோடு தன் பாதத்தை ஒட்டவைத்து நின்று பார்த்தான், மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தான். நிழல் வரவில்லை. எழிலரசி தன்னுடையதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அது விழுந்து கிடந்த மண் மட்டும் சுற்றிலும் இருந்த மண்ணைவிடக் குளிர்ந்திருந்தது. அதன் மடியில், ஆடு படுத்திருந்த இடத்தில், மண் பள்ளமாக அமுங்கியிருந்தது.

"இது நம்மளோட வராது அண்ணே" என்றாள். "இங்க இன்னா கீதுன்னு யாராச்சும் கேக்கிற வரைக்கும் வராது."

"நம்ம பேரும் மாட்டும் எழிலு" என்றார் ஜெயசீலன்.

"மாட்டட்டும்."

கௌஸ் பாஷா கணுக்கால் தாயத்தைத் திருகிக்கொண்டே நின்றான். அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "நானும் வர்றேன்க்கா, அம்மாகிட்ட மட்டும் நீ வந்து சொல்லு" என்றான்.

ஏரிக்குள் நிழல் நிற்கிற செய்தி மணவாளன் காதுக்கும் போயிருந்தது. அவர் கெட்டவரைப்போல எதுவும் செய்யவில்லை, பொறுப்பானவரைப்போலத்தான் செய்தார். முதலில் நிழல்களின் மேல் ஒரு லோடு செம்மண் அடித்தார். நிழல்கள் செம்மண்ணின் மேலே ஏறிக்கொண்டன. பிறகு தகரக் கொட்டகை போட்டார். நிழல்கள் தகரத்தின் மேல் விழுந்து கிடந்தன, தூரத்து ரோட்டிலிருந்துகூடத் தெரிந்தன. கொட்டகையைப் பிரித்துவிட்டு, மூவரையும் அறைக்குள் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, விஷயம் வெளியே போனால் கம்பெனியை மூடிவிடுவார்கள், தெருவை நினைத்துப் பாருங்கள் என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் எழிலரசிக்குக் கஷ்டமாக இருந்தது. தெருவை நினைத்துப் பார்க்காமல் அவளால் ஒரு வாய் டீ குடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் குணவதி அவளை மறித்தாள்.

"சொல்லப் போறியாமே?"

"ஆமாண்டி."

"கம்பெனிய மூடிட்டா?"

"அந்தத் தண்ணிய நம்ம புள்ளைங்களும்தான் குடிக்குது குணா. ஏரி போருலேர்ந்துதான் இந்தக் குழாய்க்கு வருது."

"நிழலு இல்லாம நீ இருந்துட்ட. வேலை இல்லாம நான் எப்படிடீ இருப்பேன்?" என்றாள் குணவதி. அவள் சத்தம் போடவில்லை. குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எழிலரசியோடு பேசவில்லை.

மாவட்டத் தலைநகரில், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், யாமினி என்ற இளம் பொறியாளர் அவர்களை உட்காரச் சொன்னார். ஜன்னல் வழியாக வந்த வெயில் மூன்று நாற்காலிகளின் நிழலை மட்டும் தரையில் போட்டது. யாமினி அதைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழிலரசி முதலிலிருந்து கடைசிவரை வாயாலேயே சொன்னாள். யாமினி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அவள் மூக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், கௌஸ் பாஷாவின் விரல்களைப் பார்த்தார், அது குரோமியம் செய்கிற வேலை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

"உங்க ஏரியைப் பத்திப் பேர் போடாம நிறைய புகார் வந்திருக்கு. ரெண்டு தடவை நானே வந்தேன். ஏரி முழுக்க ஒரே மாதிரி மண்ணு, எங்கேன்னு தோண்டறது? இடத்தைக் காட்ட ஒருத்தரும் முன்னால வரலை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "நீங்க காட்டினா உங்க பேரையும் எழுதுவேன். கொட்டினது உங்க கைதானே. அதை மறைச்சு உங்களைக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசில்லை."

"எழுதுங்கம்மா. மொதல்ல என் பேர எழுதுங்க."

"எழிலரசி. கணவர் பெயர்?"

"அவரு கொட்டலம்மா. என் பேரு மட்டும் போதும்" என்றாள் எழிலரசி.

ஆய்வுக்கு வருகிற நாளை அந்த அலுவலகத்திலிருந்து யார் கம்பெனிக்குச் சொன்னார்களோ தெரியாது. அந்த நாள் காலையில் வெள்ளேரிப்பட்டு எழுந்து பார்த்தபோது வெள்ளேரியையே காணவில்லை. கரையிலிருந்து கரை வரை, மதகிலிருந்து பனைமரம் வரை, நீலமும் வெள்ளையுமாகச் சாமியானா போட்டு மூடியிருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, கம்பெனி நடத்தும் மரக்கன்று நடு விழா என்று பேனர் வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு தொப்பியும் மாம்பழ ஜூஸும் கையில் ஒரு வேப்பங்கன்றும் கொடுத்து வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே ஏரி முழுவதும் ஒரே நிழலாகக் கிடந்தது. தகரத்தின் மேல் ஏறிய நிழல்கள் இந்தப் பந்தலின் மேல் ஏறவில்லை, அந்தப் பெரிய நிழலுக்குள் கரைந்துபோன மூன்று சின்ன நிழல்களை எங்கே என்று தேடுவது? உள்ளே வந்து நின்ற யாமினிக்கே நிழல் இல்லை, அவருடைய ஆட்களுக்கு இல்லை, மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினருக்கும் இல்லை.

"வாங்க மேடம், நல்ல நாள்ல வந்திருக்கீங்க" என்று மணவாளன் மைக்கில் வரவேற்றார். "நம்ம சகோதரி எழிலரசியும் வந்திருக்காங்க. ஒரு கன்னு குடுங்கப்பா அவங்களுக்கு."

யாரோ எழிலரசியின் கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள்.

"எங்கே?" என்று யாமினி மெதுவாகக் கேட்டார்.

நிழலிடம் போய் நின்றுவிட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்றுதான் எழிலரசி வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அவளும் அவள் வாயும்தான் மிச்சம். தெருவே எதிரில் உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் குணவதி தொப்பியைப் போட்டுக்கொண்டு கன்றைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். பந்தலுக்கு வெளியே, ஆடுகளைக் கரையில் ஓட்டி நிறுத்திவிட்டு, சாலம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாதமுனி அன்றைக்குத் தேய்ப்புக்குப் போகாமல், அவனே தேய்த்த நல்ல சட்டையில், கடைசியில் நின்றான். எழிலரசி திரும்பிப் பார்த்தபோது சிரிக்கவுமில்லை, தலையசைக்கவுமில்லை, தோளை மட்டும் கொஞ்சம் அகட்டினான்.

அவள் மதகைப் பார்த்தாள். பனைமரத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே டிராக்டர் எப்போதும் திரும்பி நிற்கும் இடத்தைக் கண்ணால் பிடித்தாள். அங்கே மேடை இருந்தது. மேடையைக் கொண்டுபோய்க் குழியின் மேலேயே போட்டிருந்தார்கள்.

எழிலரசி வேப்பங்கன்றோடு மேடைப்படி ஏறினாள். கன்றைக் கொடுக்க வருகிறாள் என்று நினைத்து சிறப்பு விருந்தினர் கைகூப்பி எழுந்தார். அவள் அவருக்கும் மணவாளனுக்கும் நடுவில் போய் நின்று, காலால் பலகையைத் தட்டினாள்.

"இங்கம்மா. இதுக்குக் கீழ. நான்தான் கொட்டினேன்."

மணவாளன் மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவள் குரல் பந்தல் முழுக்கப் போய், கரையில் மோதித் திரும்பி வந்தது. நான்தான் கொட்டினேன், நான்தான் கொட்டினேன் என்று கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் சொல்லின. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளே பயந்துபோனாள், ஆனால் இறங்கவில்லை. ஜெயசீலன் ஏறி வந்து அவளுக்கு இந்தப் பக்கம் நின்று, "வண்டி ஓட்டினது நான்" என்றார். கௌஸ் பாஷா அந்தப் பக்கம் நின்றான். தோல் உரிந்த இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான், அவன் அம்மா கூட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நடுவரிசையிலிருந்து தணிகாசலம் எழுந்தான். அவன் வேறு ஷிஃப்ட், யாரோடும் அதிகம் பேசாதவன். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கன்றைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்து, மதகோரமாகப் போய் நின்றான்.

"எங்க ஷிஃப்டு இங்க கொட்டுனோம்" என்றான்.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து கரையடிக்குப் போனாள். இன்னொருவன் பந்தல் ஓரத்துக்கு. அவரவர் கொட்டிய இடத்தில் அவரவர் கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இடம் தெரிந்த விருந்தாளிகளைப்போல, ஏரி முழுக்க ஆங்காங்கே போய் நின்றார்கள். யாமினி தன் ஆட்களிடம் ஒவ்வொரு இடத்திலும் கொடி நடச் சொல்லிக்கொண்டே போனார், கொண்டுவந்த கொடிகள் போதவில்லை. குணவதி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கன்று நடக் குழி தோண்டுவதற்காகக் கம்பெனியே வாடகைக்குக் கொண்டுவந்த ஜேசிபி பந்தல் ஓரத்தில் நின்றது. யாமினி அதன் டிரைவரிடம் போய்ப் பேசினார். அவன் மேடையைப் பார்த்தான். "இத நகத்திட்டுத் தோண்டணுமா மேடம்?" என்று கேட்டான். சிறப்பு விருந்தினர் மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இறங்கிப் போனார். மேடை நகர்ந்தது. வாளி முதல்முறை இறங்கிச் செம்மண்ணை அள்ளியது. இரண்டாம் முறை மேலே வந்தபோது அதன் பற்களிலிருந்து மஞ்சள் ஒழுகியது, பழுத்த, ஈரமான, வெயில் படாத மஞ்சள். அதன் நாற்றம் முன்வரிசை வரை வந்தபோது, பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் எழுந்து கரைக்கு ஓடினார்கள்.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். தெருக் குழாய்க்கும் பூட்டுப் போட்டு, வேறு ஊர்த் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். வழக்கில் முதலாளி பெயரோடு மணவாளன் பெயரும், அவர் பெயரோடு எழிலரசி, ஜெயசீலன், கௌஸ் பாஷா பெயர்களும் இருந்தன. தாங்களாகவே வந்து சொன்னவர்கள் என்று யாமினி எழுதியிருந்ததால், மூவரும் பிறகு சாட்சிகளானார்கள். அது சீக்கிரம் நடக்கவில்லை. அதுவரை சில வீடுகளில் எழிலரசியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளிலிருந்து, கதவைத் திறக்காமலே, ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. குணவதி வீட்டிலிருந்து குழம்பும் வரவில்லை, கதவும் சாத்தப்படவில்லை. அவள் எழிலரசியைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனாள், வந்தாள்.

பந்தலைப் பிரித்தபோது நிழல்கள் பழைய இடத்திலேயே நின்றன. குழி குழியாகத் தோண்டி, மண்ணைப் பூட்டிய லாரிகளில் ஏற்றி, கடைசி லாரி மதகைத் தாண்டிப் போன பிறகுதான் அவை நடக்கத் தொடங்கின. சாலம்மா பார்த்தாள், கரையேறி, ரோட்டோரமாக, முன்பின்னாக ஊரைப் பார்த்துப் போயின என்றாள். கௌஸ் பாஷாவுடையது பள்ளிவாசல் தெரு வழியாகப் போய், தூங்கிக்கொண்டிருந்தவனின் கட்டிலடியில் படுத்துக்கொண்டது. ஜெயசீலனுடையது டீக்கடையில் அவர் தம்ளரைத் தூக்கிய நேரத்தில் வந்து சேர்ந்து, தானும் ஒரு தம்ளரைத் தூக்கியது.

எழிலரசியுடையது கடைசியாக வந்தது. அவள் அப்போது நாதமுனியோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அது புங்கமரத்தின் நிழலுக்குள் வந்து, நிறைய நாள் வீட்டுக்கு வராதவள் வாசலில் தயங்குவதுபோல, வெளியே வராமல் நின்றது. நாதமுனிதான் பார்த்தான். வண்டியைக் கொஞ்சம் தள்ளி, அவள் காலடியில் வெயில் விழும்படி இடம் விட்டான்.

"வா" என்றான், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.

அது வந்து அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது, அது எந்த வெயிலிலும் போகவில்லை. எழிலரசி அதைப் பார்த்து அழுதாள், பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மடிப்பைத் தொடர்ந்தாள். கறையோடு இருந்தாலும் நம்முடையதுதான் என்று நாதமுனி சொன்னதற்கு, நம்முடையது இல்லை, என்னுடையது என்றாள். அவன் ஒப்புக்கொண்டான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் தெருவில் பலருக்குத் தூரத்து ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. விடிகிற நேரத்தில் ஒரு வேன் வந்து பஸ் நிறுத்தத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எழிலரசிக்கும் அதில் இடம் கிடைத்தது. அவள் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. திட்டமிட்டு இல்லை, அது அப்படியே பழக்கமாகிவிட்டது, அவளும் சாப்பாட்டுப் பையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஒருநாள் காலையில் வேன் கிளம்பிய பிறகு குணவதி கையைக் காட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினாள். அவளுக்கு அன்றைக்குத்தான் வேலையில் முதல் நாள். மூச்சு வாங்க நின்று வேன் முழுக்கப் பார்த்தாள். ஒரு சீட்டுதான் காலி. அதன்மேல் ஒரு பை.

"எட்றி அத" என்றாள்.

எழிலரசி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குணவதி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, நெடுஞ்சாலை வருகிறவரை ஜன்னலையும் டிரைவரையும் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் ஒரு கை எடுத்து, பார்க்காமலே பக்கத்தில் நீட்டினாள்.

"உப்பு கம்மியா போச்சா பாரு. அவசரத்துல போட்டேன்."

எழிலரசி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"கம்மிதான்டி" என்றாள், ஷூ கம்பெனி வருகிறவரை சண்டை போட்டுக்கொண்டே வரட்டும் என்று.